நாலு வயசுப் பிள்ளையோட ஜூன் விடுமுறை: எங்கதான் போறது?

மே 29, வியாழன்
கேள்வி, சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு அப்பா:

சனிக்கிழமை ஜூன் லீவு தொடங்குது. பையனுக்கு நாலு, பொண்ணுக்கு ஆறு. ஊருக்குப் போக இந்த வருஷம் டிக்கெட் கட்டுப்படி ஆகல. இங்கேயே சுத்தலாம்னா, இந்த வெயில்ல சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போறதே வீண்னு தோணுது. கடைத்தொகுதியில ஏசிக்குள்ள விட்டா போதாதா? மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

மே 29, இரவு 10.40
பிடோக் அம்மா:

இருக்கு. வெயில்தான் பிரச்சினைன்னா மாசம் பார்த்துப் பயன் இல்ல, மணி பார்க்கணும். நாம இருக்கிற இடம் பூமத்திய ரேகைக்கு ஒண்ணரை டிகிரிகூட வடக்கே இல்ல. வருஷம் பூரா சூரியன் ஏழு மணி வாக்கில் எழும்புது, ஏழு மணி வாக்கில் இறங்குது. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும் வெளியே இருங்க. அப்புறம் கடைத்தொகுதி எங்கேயும் ஓடிடாது.

எனக்கும் ரெண்டு பேர். மூத்தவ இந்த வருஷம்தான் தொடக்கநிலை 1. சின்னவனுக்கு நாலு முடிஞ்சு மூணு மாசம். அவன் போற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு ஜூன் லீவெல்லாம் கிடையாது. அக்காவுக்கு லீவு, தனக்கு இல்லன்னு தெரிஞ்ச நாளிலிருந்து காலையில ஷூ போட மாட்டேங்கிறான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் வருஷத்துக்கு ஆளுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. என்னோடதுல நாலு நாள் அவன் காய்ச்சலுக்கே போயிடுச்சு. ஆக மீதி ரெண்டு நாளும் சனி ஞாயிறும்தான் கைவசம். நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சு எழுதுறேன்.

மே 30, காலை 6.15

நேத்து தூக்கக் கலக்கத்துல இடம் ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டேன்.

நான் திரும்பத் திரும்பப் போற இடம், தாவரவியல் பூங்காவுக்குள்ள இருக்கிற ஜேக்கப் பல்லாஸ் குழந்தைகள் தோட்டம். இலவசம். பிள்ளை இல்லாம பெரியவங்க உள்ளே போக முடியாது, அதனாலேயே அங்க ஒரு நிம்மதி. மர வீடு இருக்கு, சறுக்குமரம் இருக்கு, தண்ணி விளையாட்டு இருக்கு. ஆனா என் பையன் இதுவரைக்கும் மர வீட்டுப் பக்கம் போனதே இல்ல. உள்ளே நுழைஞ்சதும் மண்ணைத் தோண்ட ஒரு குச்சி தேடுவான். கிடைச்சுட்டா அன்னிக்கு முழுக்க அதுதான். முதல் ரெண்டு தடவை எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இவ்வளவு தூரம் ரயில் மாறி வந்து குச்சியான்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கேன். மூணாவது தடவை நானும் உட்கார்ந்துட்டேன். அந்தக் குச்சியால ஒரு மண்புழுவைத் தொடாம, அது போற பாதையில இருந்த இலையை மட்டும் ஒவ்வொண்ணா ஒதுக்கி விட்டுக்கிட்டு இருந்தான். எவ்வளவு நேரம் தெரியல. நான் இழுத்த அந்த ரெண்டு தடவையும் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தானோன்னு இப்பவும் மனசு உறுத்துது.

உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறவங்களுக்கு அட்மிரல்டி பூங்கா. 26 சறுக்குமரம். மூத்தவளுக்கு அதுதான் சொர்க்கம். சின்னவனுக்கு உயரமானதுல பயம், நீங்களும் கூடவே ஏறணும், முழங்கால் பத்திரம். ஜூரோங் பக்கம்னா ஜூரோங் லேக் கார்டன்ஸ்ல தண்ணி விளையாட்டு இருக்கு, மாத்துத் துணி மறக்காதீங்க.

ஏழு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் பயண அட்டை இருந்தா ரயிலும் பேருந்தும் இலவசம். அப்போ செலவு தண்ணி பாட்டிலும் பிஸ்கட்டும்தான்.

ஜூன் 2, திங்கள், மதியம்

ஐயோ, மன்னிச்சுக்கணும். குழந்தைகள் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும்னு எழுதாம விட்டது என் தப்பு. இன்னிக்குப் போய் கேட் வரைக்கும் வந்து திரும்பின அந்தத் தங்கச்சிகிட்ட தனியாவும் கேட்டுக்கிட்டேன். பெரிய மனசு அவங்களுக்கு, அன்னப்பறவைக் குளத்துக்குக் கூட்டிப் போய்ப் பிள்ளைகளைச் சமாளிச்சுட்டாங்க. தாவரவியல் பூங்கா மட்டும் எல்லா நாளும் காலை ஐந்து மணிக்கே திறந்துடும்.

ஜூன் 3

"இதுக்குப் பேசாம ஊருக்கே போகலாமே, தாத்தா பாட்டியையும் பார்த்த மாதிரி ஆச்சு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தாத்தா பாட்டியைப் பார்க்கன்னா கட்டாயம் போங்க, அதுக்குக் கணக்கே பார்க்காதீங்க. ஆனா பிள்ளைகள் விளையாடன்னா யோசிங்க. இங்க லீவு மே 31ல ஆரம்பிக்குது, தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் ஜூன் 2 திறந்தாச்சு. போன முறை ஜூன்ல நாகப்பட்டினம் போனோம். அத்தான் பிள்ளைகளோட ஆட்டம் போடலாம்னு மக மாசக்கணக்கா நாள் எண்ணிக்கிட்டு இருந்தா. போய் இறங்கின மறுநாள் காலையில அவங்க எல்லாரும் சீருடை போட்டு வேன் ஏறிப் போயிட்டாங்க. இவ திண்ணையில உட்கார்ந்து நாலரை மணி வரைக்கும் வேனுக்குக் காத்திருந்தா. வந்த பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். கத்திரி முடிஞ்சிடுச்சுன்னு பேரு, அனல் இறங்கவே இல்ல.

டிசம்பர்ல போனாலும் இதே கதைதான், அரையாண்டுப் பரீட்சை. நாங்க இப்போ பொங்கலுக்குப் போறோம், விடுப்பு எடுத்து. மக பள்ளியில நாலு நாள் போகுது. சரியா தப்பான்னு இன்னும் எனக்குத் தெரியல.

ஜூன் 5, இரவு

டிக்கெட் வாங்கிப் போற இடமெல்லாம் வேண்டாம்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. மண்டாய் விலங்குத் தோட்டம் எனக்கும் உயிர். 1973ல திறந்தது. சின்ன வயசுல அப்பா கையைப் பிடிச்சுப் போயிருக்கேன். ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில மூடினப்போ வீட்டுல உட்கார்ந்து பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். இப்போ பறவைகள் எல்லாம் மண்டாய்க்கே வந்தாச்சு.

சொல்ல வந்தது வேற. டிக்கெட் கையில இருந்தா நான் வேற ஆளா மாறிடுறேன். நாலு பேருக்குக் காசு கட்டியாச்சு, சிங்கம் பார்க்கல, ஒட்டகச்சிவிங்கி பார்க்கல, ஓடு ஓடுன்னு விரட்டுறேன். போன வருஷம் பையன் ஒரு இடத்துல நின்னுட்டான். கூண்டுக்கு வெளியே ஒருத்தர் ரப்பர் குழாயால தரையைக் கழுவிக்கிட்டு இருந்தார். தண்ணி சாக்கடை வரைக்கும் ஓடுறதை இவன் கூடவே நடந்து பார்க்கிறான், திரும்ப வர்றான், மறுபடியும் நடக்கிறான். "வாடா கண்ணா, புலி இருக்கு"ன்னு தூக்கிட்டேன். பதினோரு மணி, அவன் தூங்குற நேரம் நெருங்குது, என் மண்டையில டிக்கெட் விலை. புலிகிட்ட போய்ச் சேரும்போது அவன் என் தோள்ல அழுதுக்கிட்டு இருந்தான். புலியை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதனால டிக்கெட் இடத்துக்குப் போனா இப்போ எங்க வீட்டு வழக்கம்: ரெண்டே மிருகம். மூத்தவ ஒண்ணு, சின்னவன் ஒண்ணு, வீட்டுலேயே சொல்லிடணும். மத்ததெல்லாம் வழியில தட்டுப்பட்டா சரி. தூக்க நேரத்துக்கு முன்னாடி வாசலைத் தாண்டிடணும்.

ஜூன் 8

பாலத்தைத் தாண்டி மலேசியாவுல இருக்கிற ஜோகூருக்குப் பிள்ளைகளோட போறது பத்தி உட்லண்ட்ஸ் அண்ணன் கேட்டதுக்கு.

ஹாஜிப் பெருநாள் வார இறுதியில நீங்க போகாம இருந்தது நல்லதாப் போச்சு. போன வருஷம் இதே லீவுல நாங்க காரெடுத்துப் போனோம். ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டு, மாலைக்குள்ள திரும்பலாம்னு திட்டம். பாலம் என்னவோ 1 கிலோமீட்டர் சொச்சம்தான். போகும்போதே ரெண்டேகால் மணி நேரம். பையனுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு. காரை விட்டு இறங்க முடியாது, முன்னாடியும் வண்டி பின்னாடியும் வண்டி. காலி தண்ணி பாட்டில்ல பிடிச்சேன். அதைப் பார்த்து மக கத்த, பையன் வெட்கத்துல பாதியில நிறுத்திட்டு வயித்து வலின்னு சுருண்டுட்டான். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தப்போ நடை சாத்தியிருந்தது.

பிள்ளைகளோட போகணும்னா உட்லண்ட்ஸ்ல இருந்து ரயில்ல போங்க. ஐந்தே நிமிஷம். சீட்டுக்கு முன்கூட்டியே பதியணும், லீவு நாள்ல சீக்கிரம் தீர்ந்துடும். ரயில்ல ஏறினதையே என் பையன் ஒரு வாரம் பேசினான், ஊரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

ஜூன் 10, செவ்வாய், இரவு 11.20

இதை எழுதத்தான் இத்தனை நாளா வந்துக்கிட்டு இருந்தேன் போல.

சாங்கி கடற்கரையில தண்ணி நல்லா வத்தும்போது மணல்திட்டு வெளியே தெரியும், நடந்து போகலாம்னு இங்க பலருக்குத் தெரியும். எப்போ வத்தும்னு கடல்துறை, துறைமுக ஆணையத்தோட அட்டவணை பார்ப்பாங்க. அரை மீட்டருக்குக் கீழே இறங்குற நாள்தான் நமக்கு வேணும். எங்க வீட்டுல அந்த அட்டவணை வர்றதுக்கு முன்னாடியே இன்னொண்ணு இருந்துச்சு. சமையலறைச் சுவத்துல ஆணியில தொங்குற தினசரி நாள்காட்டி.

அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, நாகப்பட்டினத்துக்காரங்க. மூணு வருஷமா எங்களோட இருக்காங்க. நான் போன்ல அட்டவணையை நோண்டிக்கிட்டு இருந்தப்போ, "அதுக்கு எதுக்கும்மா போனு, அமாவாசை பௌர்ணமி பாரு"ன்னாங்க. எனக்குப் புரியல. அன்னிக்கு ராத்திரி வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லித் தந்தாங்க. அமாவாசையும் பௌர்ணமியும் வந்தா கடல் ரொம்பவும் ஏறும், ரொம்பவும் இறங்கும். அஷ்டமி நவமியில சோம்பிக் கிடக்கும். "அன்னிக்கே போகாத, ரெண்டு நாள் தள்ளிப் போ. அப்பதான் நல்லா வத்தும்." போன்ல சரி பார்த்தேன். நாளைக்குப் பௌர்ணமி. அட்டவணையிலயும் நல்லா இறங்குறது வெள்ளி, சனின்னுதான் இருக்கு. எட்டாவதோட பள்ளியை நிறுத்திட்டாங்க அத்தை.

ஒண்ணு மட்டும் அவங்களுக்கே புதுசு. இங்க வருஷ நடுவுல ஆழமா இறங்குறது விடியற்காலை, வருஷக் கடைசியில சாயங்காலம். அதனால ஜூன்ல போகணும்னா இருட்டுல கிளம்பணும். சனிக்கிழமை போறோம். பேருந்து கிடைக்காது, டாக்சிதான்.

ஜூன் 14, சனி, காலை 8.05

போய்ட்டு வந்துட்டோம். ஒண்ணும் பார்க்கல.

நாலேமுக்காலுக்கு ரெண்டையும் எழுப்பி, டார்ச் லைட், மூடின ஷூ, மாத்துத் துணி எல்லாம் எடுத்துக்கிட்டு இறங்கினோம். மணல்ல கால் வைக்கலை, காத்து திரும்பிடுச்சு. உபின் தீவுப் பக்கம் வானம் வெட்டுச்சு. அப்புறம் கொட்டு கொட்டுன்னு கொட்டித் தீர்த்துடுச்சு. ஓடிப் போய் ஒதுங்கி நின்னோம். மக அழுதா. பையன் அழல, தலைக்கு மேல இறங்கின விமானத்தோட விளக்கை எண்ணிக்கிட்டு இருந்தான். அப்புறம் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில நாசி லெமாக். ஆறே முக்கால் மணிக்கு நாசி லெமாக் சாப்பிடுறதை ஒரு சாதனையா நினைக்கிறான்.

ஜூன் 15

நேத்து நடந்தது என் அறியாமை. "காலையில மழை பயம் இல்ல, மழை மத்தியானம்தான்"னு வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், அதை நீக்கிட்டேன். மத்தியான மழை வேற மாசங்களுக்குப் பொருந்தும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காத்து. சுமத்ரா சூறைக்காத்துன்னு சொல்வாங்களே, அது ராத்திரி உருவாகி மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையிலயோ காலையிலயோ நம்மகிட்ட வந்து சேருது. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கடந்துடும், ஆனா இடியும் காத்தும் பலமா இருக்கும். திறந்த மணல்வெளியில பிள்ளைகளோட நிக்கிற நேரம் இல்ல அது. கிளம்புறதுக்கு முன்னாடி மழை ரேடார் படம் பாருங்க. மேற்கே சிவப்பா ஒரு கோடு தெரிஞ்சா திரும்பப் படுத்துடுங்க.

ஜூன் 18

பையனுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய். உள்ளங்கையில பொட்டுப் பொட்டா. பத்து நாள் வீட்டோட. என்கிட்ட மிச்சம் இருந்த ரெண்டு நாளும் போச்சு.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு உள்ளரங்கு விளையாட்டுக் கூடத்துக்கு முன்பதிவு பண்ணியிருந்தேன். மருத்துவச் சான்றிதழை அனுப்பியும் தேதி மாத்தித் தர மாட்டோம்னுட்டாங்க. பேர் சொல்ல வேண்டாம். தொத்து நோய் வந்த பிள்ளையைக் கூட்டி வந்தா அவங்களுக்கும்தானே ஆகாது? காசு போகுதேன்னு யாராவது கூட்டிட்டே வந்துடுவாங்க, அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 21

காய்ச்சல் விட்டுடுச்சு. கஞ்சிதான் இறங்குது. மக லீவுல மூணாவது வாரமும் வீட்டுக்குள்ளேயே. என்னையே பார்க்கிறா.

அத்தை நாள்காட்டியை ஆணியில இருந்து எடுத்து ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சாங்க. கறுப்பு வட்டம் எங்க, வெள்ளை வட்டம் எங்கன்னு தேடணும். பையன் இப்போ வட்டத்தைப் பார்த்து "அப்பாயி, கடல்!"ங்கிறான். அடுத்த கறுப்பு வட்டம் புதன்கிழமை 25. ரெண்டு நாள் தள்ளி வெள்ளி, சனி.

ஜூன் 28, சனி, மதியம்

புண் எல்லாம் காய்ஞ்சு மருத்துவர் சரின்னாங்க. ரேடார் சுத்தம். இந்தத் தடவை அத்தையும் வந்தாங்க.

ஐந்தரைக்கு இறங்கினப்போ கும்மிருட்டு. தண்ணி எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. வழக்கமா அலை அடிக்கிற இடத்துல கடல் புல் படுத்துக் கிடக்கு. டார்ச் வெளிச்சத்துல முதல்ல கிடைச்சது, ரப்பர் வளையத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒண்ணு. குப்பைன்னு நினைச்சு நான் எடுக்கப் போனேன். பக்கத்துல ஒரு பெரியவர், நாலைஞ்சு இளசுகளோட வந்தவர், "எடுக்காதீங்கம்மா, அது முட்டை"ன்னார். ஒருவகை நத்தை மணலையும் தன் முட்டையையும் குழைச்சுக் கழுத்துப்பட்டி மாதிரி செஞ்சு வைக்குமாம். மக அது பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து, யாரும் மிதிச்சிடாம கையை விரிச்சு வேலி மாதிரி பிடிச்சுக்கிட்டா. பின்னாடி வந்தவங்களுக்கு எல்லாம் அவளே சொன்னா.

நட்சத்திர மீன் ரெண்டு. கடல் அட்டை ஒண்ணு. தரைவிரிப்பு மாதிரி விரிஞ்சு கிடந்த கடல் சாமந்தி, அது கொட்டும், தொடக்கூடாது. மூடின ஷூ ஏன்னு கேட்டவங்களுக்கு: கல்மீன்னு ஒண்ணு கல்லோட கல்லாக் கிடக்கும், முள்ளுல விஷம். மண்ணுல செங்குத்தா நிக்கிற சிப்பியோட விளிம்பும் பிளேடு மாதிரி.

ஏழு மணிக்கு வெளுத்ததும் பையன் மேட்டு மணல்ல ஒரு இடத்துல உட்கார்ந்துட்டான். உளுந்து அளவு நண்டுகள். ஒவ்வொண்ணும் தன் பொந்து வாசல்ல மண்ணை வாய்க்குள்ள அள்ளி, இரையை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை மிளகு மாதிரி உருண்டையாக்கிப் பின்னாடி தள்ளுது. பொந்தைச் சுத்திக் கோலம் மாதிரி உருண்டை வரிசை. இவன் மூச்சு விட்டா எல்லாம் உள்ளே ஓடிடும். ஆடாம அசையாம இருந்தா ஒண்ணொண்ணா வெளியே வரும். என் பையன் அசையாம உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. தண்ணி திரும்பி ஏற ஆரம்பிச்சு அத்தை கூப்பிடுற வரைக்கும் இருந்தான். நான் ஒரு தடவைகூட "வா"ன்னு சொல்லல.

அத்தை செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. "ஷூ போடுங்க அத்தை"ன்னேன். போட்டுக்கிட்டாங்க. இருபது வருஷம் ஆச்சாம் வத்தின கடல்ல நடந்து.

ஜூன் 29

ஒண்ணு விட்டுட்டேன், நல்லதை மட்டும் எழுதினா நியாயம் இல்ல. நேத்து கார் நிறுத்துமிடத்துல மக வாளியைப் பார்த்தா அடியில ஒரு சங்கு. காலி சங்குன்னு நினைச்சு எடுத்திருக்கா. உள்ளே துறவி நண்டு இருந்தது. திரும்பவும் மணலுக்கு நடந்து போய், எடுத்த இடத்துக்குப் பக்கத்துலேயே வச்சோம். காலியா இருந்தாலும் எடுக்கக்கூடாது, அது இன்னொரு நண்டுக்கு நாளைக்கு வீடு. வாளியே கொண்டு போயிருக்கக்கூடாது, அது என் தப்பு. யாரும் வெளிநாடு போக முடியாத 2021 ஜூன் லீவுல இதே கரையில கூட்டம் கூட்டமா வந்து வாளியில அள்ளிட்டுப் போறாங்கன்னு செய்தி வந்தப்போ நானும் கோபப்பட்டவதான்.

கல்லைப் புரட்டிப் பார்த்தா அதே மாதிரி திரும்ப வச்சிடுங்க.

ஜூலை 1

பள்ளி திறந்தாச்சு. செங்காங் தம்பி, உங்க பையன் குழந்தைகள் தோட்டத்துல தண்ணியை விட்டு வெளியே வரமாட்டேன்னு அடம் பிடிச்சான்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டாவது தடவையும் அங்கேயே கூட்டிப் போங்க. புதுசு தேட வேண்டாம்.

அடுத்தது எப்போன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. ஜூலை 24 வியாழன், ஆடி அமாவாசை. அன்னிக்கு வீட்டுல மாமாவுக்குப் படையல். சனிக்கிழமை 26 சாங்கி, ரேடார் விட்டா. வாளி கிடையாது. டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கணும்.